பருத்திமார்க் கட்டிகள்

எங்கள் பக்கத்தில் பருத்தி எடுத்து முடிந்ததும், காய்ந்த செடியைப் பிடுங்கி, கொல்லை என்று நாங்கள் சொல்லும் மானாவாரி நிலத்தைச் சுத்தம் செய்து கொடுப்பவர்களுக்குக் கூலி கிடையாது. பிடுங்கிய பருத்திமாரே கூலி. கட்டித் தூக்கிக்கொண்டுபோய் வீட்டோரம் அடுக்கிவிட்டால் ஐப்பசி அடைமழையிலும் அடுப்புக்குக் கவலையில்லை. எத்தனையோ காலமாக நடந்துவந்த ஏற்பாடு. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அரியலூர் போகும் சாலையில் ஒரு கம்பெனி வந்தது. பருத்திமார், கடலைத்தோல், மக்காச்சோளச் சக்கை என்று எதைக் கண்டாலும் வாங்கித் தூளாக்கி, மெஷினில் அழுத்தி உருளைக் கட்டிகளாக்கி, பெரிய ஆலைகளின் கொதிகலனுக்கு அனுப்பினார்கள். 'வீணாகப் போவதைப் பொருளாக்குகிறோம்' என்று கேட்டில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். "வீணா எங்க போச்சு? நம்ம வூட்டுக்குத்தான வந்துச்சு" என்றாள் அம்மா.

அப்பா சுண்ணாம்புக்கல் லாரியோடு போய்விடுவார். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. அந்தக் கம்பெனியில் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வெயில் படாமல் வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். பேண்ட் தைத்துக்கொண்டார். செந்துறைப் பக்கமிருந்து பெண்வீட்டார் தாமாகவே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பெனி மாப்பிள்ளை என்றால் சும்மாவா! நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

அந்த வருஷமும் அம்மா வழக்கம்போல மார் பிடுங்க இறங்கினாள். கட்டுகளெல்லாம் கட்டி முடித்தபோது கம்பெனி டிராக்டர் வந்து நின்றது. கொல்லைக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, "பிடுங்குனதுக்குக் கூலி குடுத்துடறேன். மாரைக் கம்பெனிக்குப் பேசிட்டேன்" என்றார். டிராக்டர் மேலே ஏறி நின்று கட்டுகளை வாங்கி அடுக்கியவர் சித்தப்பா.

"அண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"ஒழுங்கா அடுக்குங்க தம்பி, சரிஞ்சிடப் போவுது" என்றாள் அம்மா. எனக்கு அப்போதும் பெருமைதான். டிராக்டர் மேலே நிற்பது எங்கள் வீட்டு ஆள் அல்லவா?

மழைக்காலம் வந்தது. வீட்டோரம் வெறும் தரை. அம்மா ஏரிக்கரையில் முள் பொறுக்கிக் கையெல்லாம் கீறிக்கொண்டு வந்தாள். ஈர முள் புகைந்ததே தவிர எரியவில்லை. ஒருநாள் அரைவேக்காட்டுச் சோற்றைத்தான் தின்றோம். சித்தப்பா சாப்பிட மனமில்லாமல் எழுந்து கை கழுவினார்.

அதற்கப்புறம் அவர் சைக்கிளில் தினமும் ஒரு சாக்கு வர ஆரம்பித்தது. உள்ளே உடைந்த கட்டிகள். லாரியில் ஏற்ற முடியாத உடைசலை வேலையாட்கள் எடுத்துப் போகலாம் என்பது கம்பெனி வழக்கம். ஆனால் ஆலைக்குச் செய்த சரக்கு எங்கள் மண்ணடுப்புக்கு மசியவில்லை. ஊதி ஊதி அம்மாவின் கண் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் அவள் கட்டிகளைத் தண்ணீரில் போட்டாள். பொலபொலவென்று மறுபடி தூளாகிவிட்டன. அதைச் சாணியோடு பிசைந்து, வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் வறட்டி தட்டிக் காயவைத்தாள். "அவ்ளோ பெரிய மெஷின் கட்டுனதை ஒரு வாளித் தண்ணியில அவுத்துட்டீங்களே அண்ணி" என்று சித்தப்பா சிரித்தார். அடுப்பு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கம்பெனிக்குப் பின்னால் அவர் நல்ல கட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கருங்கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திகைத்து, "உறுதியா இருக்கான்னு பாக்கறேன் பாப்பா. யாருகிட்டயும் சொல்லிடாத, கம்பெனி ரகசியம்" என்றார். நான் மூச்சுவிடவில்லை. தரம் பார்க்கிற வேலையை என் சித்தப்பாவை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய் வீடு திரும்பினேன்.

தை பிறப்பதற்குள் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் கைபட்டால்தான் சரக்கு உடைகிறது என்று மேனேஜர் சொன்னாராம். கைராசி இல்லாதவன் என்று ஊர் சிரித்தது. செந்துறைக்காரர்கள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. சித்தப்பா பேண்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி கொல்லை வேலைக்குப் போனார்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். "நீங்க கல்லுல போட்டுப் பாக்கலைன்னா கட்டி உறுதியா இருக்கான்னு அவங்களுக்கு எப்படி சித்தப்பா தெரியும்?"

சோறு போட வந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் வீட்டில் முதல் சோறு எப்போதும் எனக்குத்தான். அன்று அம்மா அதை அவர் தட்டில் போட்டாள். வேலையைப் பறிகொடுத்தவருக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்கு விளங்கவில்லை. என் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.