தரை தொடக் கூடாத பூசணிக்கொடி

பெருமாயியைப் பெரிய தைரியசாலி என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். சொல்பவர்கள் அவளைப் பார்த்ததில்லை. அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் வாழவந்தி நாடு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், காக்கிச் சட்டை போட்ட எவனுக்கும் பயம். எல்லாவற்றுக்கும் மேல் தன் கொழுந்தன் சின்னுசாமிக்குப் பயம். அந்தச் சின்னுசாமி என் அம்மாவைப் பெற்றவர், என் அப்புச்சி. ஆகவே இந்தக் கதையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு மாசி மாதத்தில், பெருமாயியின் புருஷன் அர்த்தனாரி குளிர்காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கல் பொறுக்கிக் கல் பொறுக்கி இருவரும் திருத்திய இரண்டு ஏக்கர் காடும், அதன் ஓரத்தில் ஒரு கூரை வீடும்தான் சொத்து. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என் அப்புச்சி ஊர்க்கவுண்டரிடம் போய், பிள்ளையில்லாத அண்ணன் காடு தம்பிக்குத்தான் வர வேண்டும் என்று வழக்கு வைத்தார். துக்கம் ஆறட்டும் என்று நினைக்கவில்லை. அவர் குணம் அப்படி.

ஊர்க்கவுண்டர் வந்து காட்டின் நடுவில் தடைக்கு அடையாளமாக ஒரு பச்சைக் கொப்பை ஊன்றினார்.

"தலைத் திவசம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். அது வரைக்கும் ரெண்டு பேரும் இந்த மண்ணுல கொத்தக் கூடாது, விதைக்கக் கூடாது, ஒரு செடியப் புடுங்கவும் கூடாது. மீறுனவங்களுக்குக் காடு இல்ல" என்றார்.

வீட்டு வாசலும் அந்தக் காட்டில் சேர்ந்ததுதான். அதாவது ஒரு வருடத்துக்கு அவள் ஒரு மிளகாய்ச் செடிகூட வைக்க முடியாது. ஊரார் காட்டில் களை எடுத்தால் கூலியாகச் சாமை கிடைக்கும். வெறும் சாமையைக் கரைத்துக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளுக்கு ஒரு யோசனை கொடுத்தன. மண்ணில் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார், பானையில் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

காவலுக்குப் போட்டிருந்த மரப் பரணை வீட்டுப் பக்கமாக நகர்த்தி, குழி தோண்டாமல் கல்மேல் கால்களை நிறுத்திக் கட்டினாள். உடைந்த பானை, விளிம்பு போன சட்டி, பழைய மூங்கில் கூடை, சேந்தமங்கலம் சந்தையிலிருந்து அர்த்தனாரி வாங்கி வந்திருந்த மண்ணெண்ணெய்த் தகரம் எல்லாம் மேலே ஏறின. ஓடைக்கரை யாருக்கும் சொந்தமில்லை. அங்கிருந்து வண்டல் சுமந்து வந்து ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் கலந்து நிரப்பினாள். பானைகளின் அடியில் ஓட்டை போட்டு அதன்மேல் ஓட்டுச் சில்லு வைத்தாள். கூடைகளுக்கு உள்ளே சாணி பூசினாள். கத்தரி, மிளகாய், கீரை, அவரை, தகரத்தில் ஒரு பூசணி.

பானைச் செடி தரைச் செடி மாதிரி இல்லை, ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். காலையும் மாலையும் மூங்கில் குழாயில் தண்ணீர் மொண்டு ஏணியில் ஏறினாள். அந்த வேலைகூடப் பெரிதில்லை. இறங்கி வந்து பரணுக்குக் கீழே குனிந்து தேடுவாளே, அதுதான் அவளை வாட்டியது. கீரை விதை ஒன்று உதிர்ந்து தரையில் முளைத்துவிட்டால்? அவரை நெற்று வெடித்து ஒரு பருப்பு சிதறிவிட்டால்? விழுந்த ஒவ்வொரு விதையையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். பூசணிக்கொடி கணு கணுவாக வேர் விடக்கூடியது. அதன் நுனியைத் தினமும் தூக்கிக் கூரைமேல் போடுவாள்.

என் அப்புச்சி நாளுக்கு இரண்டு தடவை அந்த வழியாகப் போவார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. தூரத்தில் அவர் செருமும் சத்தம் கேட்டதுமே பெருமாயி ஏணியிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றுவிடுவாள். அவர் நின்று பரணின் அடியை உற்றுப் பார்ப்பார். அவர் போன பிறகு இவள் அதே இடத்தை மறுபடி போய்ப் பார்ப்பாள், தன் கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று அவர் கண்ணுக்குப் பட்டிருக்குமோ என்று. சில நாள் சோறு இறங்காது. அவள் சமைத்த கத்தரிக்காயில் பாதி நாய்க்குத்தான் போனது என்று என் அம்மா சொல்வாள்.

காய்ந்த கொடிக்குப் பதில் புதுக்கொடி வைத்து, இப்படியே பதினோரு மாதம் ஓட்டிவிட்டாள். தலைத் திவசத்தையும் கொடுத்து முடித்தாள். ஊர்க்கவுண்டர் குறித்திருந்த தீர்ப்பு நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் காட்டு அம்சவேணிதான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், சொல்லாமலேயே செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றினாள். நல்ல மனசு, ஆனால் கொடியைத் தூக்கிப் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் காலை பெருமாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பரணுக்குக் கீழே பார்த்தாள். பூசணிக்கொடி கூரையிலிருந்து சரிந்து தரையில் படுத்திருந்தது. பானைகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் அந்த இடம் ஊறி நெகிழ்ந்து கிடந்தது. கொடியைத் தொட்டு லேசாக அசைத்தாள். அது வரவில்லை. மூன்று கணுவில் வேர் பிடித்திருந்தது.

பிடுங்கிவிடலாமா? பிடுங்கக் கூடாது என்பதும் கட்டளைதானே. பிடுங்கினால் ஈர மண்ணில் குழி தெரியும். அறுத்துவிட்டால் மண்ணுக்குள் வேர் நிற்கும். விட்டுவிட்டால் கண்ணிருக்கிற எவனும் பார்ப்பான். அப்படியே குந்திக்கொண்டு மூன்று கணுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்சவேணி வேலியோரம் ஓடி வந்தாள். "ஏனுங்க அக்கா, எந்திரிச்சுட்டீங்களா? ஊர்க்கவுண்டரும் நாலு பேரும் ஓடையத் தாண்டிட்டாங்க. உங்க கொழுந்தனாரும் கூட வர்றாருங்க."

பெருமாயி செய்தது சிறுபிள்ளைத்தனம். ஒரு கூடையை எடுத்து வேர் பிடித்த இடத்தின்மேல் கவிழ்த்தாள். அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கொடி கூடையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது.

எல்லோரும் வந்தார்கள். ஊர்க்கவுண்டர் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் கூடையை விட்டு நகர்ந்து சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் என் அப்புச்சி நேராகப் போய்க் கூடையைத் தூக்கி எறிந்தார்.

"பாருங்க! மண்ணுல ஒண்ணும் வைக்கலன்னு சொன்னவ செஞ்ச காரியத்தப் பாருங்க! வேரு உட்டுருக்குது!"

ஊர்க்கவுண்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "வேரா? கொடி சும்மா படுத்திருக்கற மாதிரித்தான் இருக்குது."

"சும்மாவா? இதா காட்டறேன்!"

அவர் குனிந்தார். பெருமாயி கத்தினாள். வாழ்க்கையில் அவள் அத்தனை உரக்கக் கத்தியதே இல்லை.

"வேண்டாமுங்க! புடுங்காதீங்க கொழுந்தனாரே! புடுங்குனா..."

அவள் மறைக்கப் பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஒரே இழுப்பு. கொடி வேரோடும் ஒரு பிடி ஈர மண்ணோடும் வந்தது. அதை எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். மண் அவர் முழங்கை வழியாக வழிந்தது.

கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கே உறைத்தது.

"அந்தப் புள்ள வேண்டாமுன்னு சொல்லுச்சே, கேட்டியாப்பா?" என்றார் ஊர்க்கவுண்டர். "கொடி தானா எறங்குச்சு. நீ கைய வெச்சுப் புடுங்கிட்டே. வழக்கு முடிஞ்சுது. கையக் கழுவிட்டு ஊட்டுக்குப் போ."

ஊர்க்கவுண்டர் வேண்டுமென்றே தன்னை மாட்டிவிட்டதாக என் அப்புச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ அந்த மனிதருக்கு உண்மையிலேயே கண் தெரியவில்லை என்றுதான் படுகிறது.

காட்டின் நடுவிலிருந்த கொப்பை அவர்களே எடுத்துப் போட்டார்கள். பெருமாயி ஊர்க்கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இனி நான் கை வெச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாங்க?"

"உன் காடு கண்ணு. யாரு சொல்லுவா?"

கொஞ்ச தூரம் போனவரைக் கூப்பிட்டு அதையே மறுபடி கேட்டாள். ஓடை வரைக்கும் பின்னாலேயே போய் இன்னொரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதே பதிலைச் சொன்னார்.

வைகாசியில் மழை விழுந்தது. ஊரே ஏர் கட்டியது. பெருமாயி சாமை விதையை மடியில் கட்டிக்கொண்டு தன் காட்டு ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, ஏணியில் ஏறி, அதைக் கூடைகளில் விதைத்தாள்.