தோடம்பழத் தூளும் நங்கூரக் கிளாஸும்

நங்கூரப் படம் போட்ட அந்தக் கிளாஸில் கலக்கிக் குடித்த தூள், நான் தின்கிற சாப்பாட்டின் சத்தையெல்லாம் திருடுகிறது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள், முழுப் பொய்யும் இல்லை. கொலஸ்ட்ரோலைக் குறைக்க டொக்டர் தந்த அந்தத் தோடம்பழ மணத் தூள் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றுமாம். கூடவே சாப்பாட்டிலுள்ள சில விற்றமின்களும் அகப்பட்டுப் போகலாமாம். இன்டர்நெட்டில் பாதிதான் வாசித்தேன். மீதியை என் பயமே எழுதி முடித்தது.

களிசான் இடுப்பில் நிற்கவில்லை. காலில் நீலமாகக் கண்டியிருந்தது: விற்றமின் கே போய்விட்டது! மாடிப்படி இருட்டாகத் தெரிந்தது: விற்றமின் ஏயும் போய்விட்டது! விற்றமின் மாத்திரை வாங்கி, அதையும் அதே தூளோடு விழுங்கினேன். கள்ளனைக் கூப்பிட்டு அலுமாரித் திறப்பைக் கொடுத்த கெட்டிக்காரன் நான். ஆனாலும் தூளை நிறுத்த மனம் வரவில்லை. அது முன்வீட்டு அங்கிளும் நானும் சேர்ந்து குடித்த தூள்; அவருக்கும் கொலஸ்ட்ரோல்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஹார்பரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். மனைவி செத்தபின் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். என் மனைவியும் மகனும் லண்டனில் இருப்பதால் இந்தப் பக்கம் நானும் ஒற்றையாள். பொழுதுபட்டால் கரண்டியால் என் கதவில் தட்டுவார். "தம்பி, சோறு ஆறுது. ஒரு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாரும்." பாரை மீன் குழம்பு மணக்கும். ஏதோ கப்பலிலிருந்து பரிசாக வந்த இரண்டு கிளாஸ்களில் தூளைக் கலக்கி, ஒன்றோடொன்று முட்டி, "சியர்ஸ்! இதே கிளாஸில அந்தக் காலம் அடிச்சதுக்கு இப்ப தண்டனை" என்பார்.

"தனியச் சாப்பிட்டா இது வேலை செய்யாது, தம்பி. பெட்டியில போட்டிருக்கு."

பெட்டியை வாசித்தேன். சாப்பாட்டோடு எடுக்கவும் என்று மட்டுமே இருந்தது.

"சின்ன எழுத்து. உம்மட கண்ணுக்குத் தெரியாது."

போன மாரியில் அந்தத் தட்டல் நின்றது. இருதயம் அல்ல, நியூமோனியா. கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் அடக்கப் பூசை முடிந்து, வீட்டைக் காலிசெய்ய வந்த அவருடைய மகள் கிளாஸ் இரண்டையும் என்னிடம் தந்தா.

பயம் முற்றி டொக்டரிடம் ஓடினேன். வயதில் சின்னப் பிள்ளை அவ. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "விற்றமின் எல்லாம் சரியா இருக்கு, ஐயா. கூடின அளவில கனகாலம் எடுத்தாத்தான் குறையலாம். மாத்திரையை மட்டும் தூளோட விழுங்காதேங்கோ, சில மணித்தியாலம் தள்ளி எடுங்கோ. அது சரி, நேற்று இரவு என்ன சாப்பிட்டீங்கள்?"

"பாண். பட்டர் பூசி இரண்டு துண்டு."

"முந்தநாள்?"

"அதே பாண்தான், டொக்டர்."

அவ சிரித்தா. நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்று மாலையும் ஒரு நங்கூரக் கிளாஸில் தூளைக் கலக்கினேன். மற்றது தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. காலில் கண்டியது கட்டில் மூலையில் அடிபட்டதால். மாடிப்படியில் பல்ப் எரிந்துபோயிருந்தது. தூள் எதையும் திருடவில்லை. அங்கிள் போனபிறகு நான் சோறு சாப்பிடவில்லை.