அந்த ஆளைப் பார்க்கப் போன பயணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சிறுத்தையைச் சிறுத்தை என்று சொல்வதில்லை. சிறுத்தை என்பது பாடப்புத்தகத்தில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சில் அது புலி. கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது அதையும் சொல்லமாட்டார்கள், பேரைச் சொன்னால் வந்து நின்றுவிடுமாம். "அந்த ஆளு நேத்து மேல் டிவிசன்ல நின்னாராம்." "அந்த ஆளு கணக்கப்பிள்ளை வீட்டு நாயத் தூக்கிட்டாராம்." தோட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெரிய அதிகாரியைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு மரியாதை.

நான் மட்டும் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. ஸ்பிரிங்வெளியில் பிறந்து, பதுளையில் பள்ளிக்கூடம் போய், உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்து, சிறுத்தையின் புள்ளிகள் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். கைபேசி நிறைய உலகத்துச் சிறுத்தைகள். அம்மா கூடையும் தலையுமாக நின்று பார்த்திருக்கிறாள். அப்பா விறகுக்குப் போன இடத்தில் பார்த்திருக்கிறார். அண்ணா ஆட்டோ வெளிச்சத்தில் பார்த்திருக்கிறான்.

"ஒன் மொகத்தக் கண்டா அவரு வரமாட்டாரு. கேள்வி கேட்டே கொன்னுருவேன்னு பயம்" என்பான் அண்ணா.

போன வருசம் பண்டாரவளையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினேன். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் முதல் வேலையாக வீட்டில் சொன்னேன்: யாலக் காட்டுச் சரணாலயத்துக்குப் போவோம். அண்ணாவின் ஆட்டோவிலேயே போவோம்.

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "இங்கன இல்லாத புலியா அங்கன இருக்கு?"

"அங்கன போனா கட்டாயம் பாக்கலாம்ப்பா. ஜீப்புல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க."

"காட்டுறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?"

அம்மாவுக்கு வேறு கவலை. அந்தக் காட்டுப் பக்கம் போவதென்றால் கதிர்காமத்தைத் தாண்டிப் போகமுடியாது. சாமியைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினால் தான் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் கருவாட்டு வாசம்கூட இல்லை. சிறுத்தை பார்ப்பதற்காக விரதம் இருந்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

அப்பா வரவில்லை. லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். போஞ்சி, லீக்ஸ், ஓரத்தில் வத்தாளங்கிழங்கு. காட்டுப்பன்றிகள் அப்போதுதான் பாதிக் கிழங்கைக் கிண்டிப் போட்டிருந்தன. "நானும் வந்துட்டா மிச்சத்தையும் பன்னிக்கு எழுதிக் குடுத்துட்டு வரணும்" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணா லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்து ஆட்டோவின் கிளச் கம்பியை மாற்றினான். வெல்லவாய இறக்கத்தில் அறுந்தால் எல்லோரும் பரலோகம் என்றான். கழற்றிய பழைய கம்பியை அப்பா எடுத்தார். ஓர் இழை மட்டும் விட்டுப்போயிருந்தது. இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தார். அதன் முனையில் ஈயக் குண்டு ஒன்று, குன்றிமணியைவிடச் சற்றுப் பெரிதாக.

"நல்ல கம்பி. வீசிறாத."

எங்கள் பக்கம் யாரும் பழைய கிளச் கம்பியை வீசுவதில்லை. மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் ஆணியில் இரண்டு மூன்று தொங்கும். பன்றி வரும் தடத்தில் சுருக்குப் போட அதைவிட நல்ல சாமான் கிடையாது. சட்டத்துக்கு அது ஆகாது என்றும் எல்லோருக்கும் தெரியும். அது அப்படியே நடந்துகொண்டிருக்கிற ஒன்று, அடுப்புப் புகை மாதிரி. அப்பா கம்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து, சிறுத்தை எப்படித் தன் எல்லையைக் குறித்து வைக்கும் என்று கைபேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். அவரும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடியும்போது புறப்பட்டோம். பதுளைக்கு இறங்கி, ஹாலிஎல தாண்டி, தெமோதரை வளைவுகளில் ஏறும்போது மலைகளுக்கு நடுவில் பனி பால் கொதித்து வழிவதுபோல நின்றது. ஒவ்வொரு வளைவிலும் நான் "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று கத்தினேன்.

"அடுத்த வளைவுல ஒன்னயத் தள்ளி விட்டுட்டுப் போயிருவேன்" என்றான் அண்ணா.

எல்லயில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தானே ஆட்டோ ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். அம்மா அவள் மறையும்வரை திரும்பிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வீட்டுல ஆட்டோ ஓட்ட அண்ணன் தம்பி இல்ல போல" என்று பரிதாபப்பட்டாள். இராவணன் நீர்வீழ்ச்சியில் நின்றபோது குரங்கு ஒன்று அம்மா கையில் இருந்த வாழைப்பழச் சீப்பைச் சீப்பாகவே வாங்கிக்கொண்டு போனது. வெல்லவாயவுக்கு இறங்க இறங்கக் காற்று சுட்டது. சுவெட்டர்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். கீழ்நாட்டு நேரான ரோட்டில் அண்ணாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. "வளைவு இல்லாத ரோடு ஒரு ரோடா?" என்று புலம்பினான். தணமல்வில பக்கம் மின்சார வேலிக்கு அப்பால் ஒற்றை யானை நின்றது. அம்மா ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து கும்பிட்டுத் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டாள்.

நான் அவ்வளவு சந்தோசமாக இருந்த நாள் வேறு இல்லை.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்து, சாமி கும்பிட்டு, மடத்தில் படுத்து, மறுநாள் இருள் பிரியும் நேரத்தில் ஜீப்பில் ஏறினோம். ஜீப் ஓட்டியவர் பக்கத்து ஊரான திஸ்ஸவைச் சேர்ந்த சிங்களவர். தங்கச்சி என்ற அர்த்தத்தில் என்னை நங்கி என்றும் அம்மாவை அம்மே என்றும் கூப்பிட்டார். யானைக்கூட்டம், முதலை, தோகை விரித்த மயில், எல்லாவற்றையும் உடைந்த தமிழில் காட்டிக்கொண்டே வந்தார். நான் எதற்கும் முழுதாகத் திரும்பவில்லை. மரக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. இரண்டு சொல் கேட்டார், ஜீப்பைத் திருப்பினார். காட்டில் இருந்த ஜீப் எல்லாவற்றுக்கும் அதே போன் வந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பாய்ந்தன. புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஒரு பாலைமரத்தைச் சுற்றிக் கல்யாண வீட்டு வாசல்போல ஜீப்புகள். முன்னால் நின்றவர்கள் சீட்டில் ஏறி நின்று படமெடுத்தார்கள். நாங்கள் இடம்பிடித்து எட்டிப் பார்த்தபோது கிளை மட்டும் இருந்தது.

"இப்ப இருந்தது நங்கி. இப்பத்தான் போச்சு."

"இம்புட்டுச் சத்தத்துல அந்த ஆளு எப்பிடி இருப்பாரு?" என்றாள் அம்மா. "நம்ம மலையில வாச்சர் விசில் அடிச்சாலே எந்திரிச்சுப் போயிருவாரே."

நான் அழுதுவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக. ஜீப்காரருக்கு மனசு கேட்கவில்லை. என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். "அடுத்த தடவை நான் காட்டுறேன் நங்கி, சத்தியம். அதுவரைக்கும் எப்ப கண்டாலும் வீடியோ அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பாத்தியா?"

"வாலுகூட இல்லப்பா."

அவர் சிரித்தார். என் தலையில் லேசாகத் தட்டினார். "வருத்தப்படாத. ஒரு நாளைக்கு நம்ம மலையிலேயே காட்டுறேன்."

அடுத்த வாரம் ஒரு காலை. பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போன பெண்கள் மேல் பாதையிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்று யாரும் "அந்த ஆளு" என்று சொல்லவில்லை. "புலி, புலி" என்றுதான் கத்தினார்கள். நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

எங்கள் வத்தாளைப் பாத்திக்கு மேலே, காட்டு ஓரத்தில் கிடந்தது. கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. அது சுற்றிச் சுற்றி இழுத்ததில் கட்டியிருந்த மரத்தைச் சுற்றிப் புல் இல்லை, செடி இல்லை, சிவப்பு மண் மட்டும் வட்டமாக இருந்தது. நான் வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்ட முகம். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன முகம். கண் தேயிலைச் சாயத்தின் நிறம். அது எங்களைப் பார்த்து உறுமியது, பிறகு உறுமவும் முடியாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. வயிற்றுப் பக்கம், ரத்தம் காய்ந்த ரோமத்துக்கு நடுவில் ஈயக் குண்டு பளபளத்தது.

அண்ணா எனக்குப் பின்னால் வந்து நின்றான். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நம்ம கம்பி."

அதற்குள் மூன்று டிவிசன் ஆட்களும் வந்துவிட்டார்கள். டவுனிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்தன. எல்லோர் கையிலும் போன். ஒருவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள்.

அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள். கொழுந்துச் செடி கீறாமல் இருக்கக் கட்டுகிற அந்தச் சாக்கை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, புலிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள்.

"போதும், போங்க. அந்த ஆளு நோவுல கெடக்காரு. படம் புடிக்காதீங்கடா."

"அக்கா, தள்ளுங்கக்கா, மறைக்குது" என்றான் யாரோ. அம்மா நகரவில்லை. வனஜீவி இலாகா ஆட்கள் வரும்வரை கை தாழாமல் நின்றாள்.

வந்தார்கள். தூரத்திலிருந்து மிருக டாக்டர் மயக்க ஊசி சுட்டார். தலை சாய்ந்ததும் ஓடிப்போய்க் கம்பியை வெட்டினார்கள். கம்பி விடுபட்டதும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். டாக்டர் அதன் மார்பில் கைவைத்துப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை. தட்டிய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"உயிர் இல்லை. பெண் புலி" என்றார் அவர். "வயசும் அதிகமில்லை."

நாங்கள் இத்தனை காலம் அவரு, அவரு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

யாருடைய சுருக்கு என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பாத்திக்காரரின் கையைப் பிடித்து ஜீப்பை நோக்கி இழுத்தார்கள். அப்போதுதான் அப்பா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"அவர விடுங்க சார். அது நான் வச்சது. பன்னிக்கு வச்சேன்."

ஏறும்போது அவர் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிணையில் வந்துவிட்டார். வழக்கு பதுளையில் நடக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் அண்ணாதான் ஆட்டோவில் கூட்டிப் போகிறான். மரக்கறித் தோட்டத்துக்கு அப்பா போவதில்லை. பன்றிகள் போஞ்சிக் கம்புகளையும் சாய்த்துவிட்டன. ஆணியில் தொங்கிய மற்றக் கம்பிகளைக் காணவில்லை, எங்கே போட்டார் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. அவரும் நானும் பேசாமல் இல்லை. சாப்பாடு, மழை, பஸ் என்று பேசுகிறோம். என் உயிரியல் புத்தகங்களை மட்டும் அவர் இருக்கும்போது நான் திறப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் சிணுங்கியது. திஸ்ஸ ஜீப்காரர். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. வீடியோ அனுப்பிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார், அவ்வளவுதான். செம்மண் ரோட்டில், ஒரு ஜீப்கூட இல்லாத நேரம், ஒரு சிறுத்தை குறுக்கே நடந்தது. அவசரம் இல்லாமல், வால் நுனி சுருண்டு. நடுரோட்டில் நின்று கமராவைப் பார்த்தது.

"என்ன அது?"

அப்பா பின்னால் நின்றார். அணைக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் விரலால் தொட்டு மறுபடி ஓடவிட்டார். அது ரோட்டைக் கடந்து புதருக்குள் போகும்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு இடுப்புல ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் நடக்குது."

"ம்" என்றார். போனைத் திருப்பித் தரவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, முதலிலிருந்து மறுபடியும் ஓடவிட்டார்.