ஊக்கு குத்திய நீலச் செருப்பு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிப்பது? ஆனால் அந்த நீல ரப்பர் செருப்பு விடமாட்டேன் என்கிறது. வாரில் ஊக்கு குத்தியிருக்கும். என் கூட்டாளியுடையது.

ஒரு மருத்துவமனையில் இரண்டு பேரும் துப்புரவு வேலை பார்த்தோம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து குடித்தவர்களைத் தனியாக வைத்திருக்கும் வார்டு. அவர்களுடைய வியர்வையிலும் சிறுநீரிலும் அந்த மருந்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. அதனால் உள்ளே போகும்போது கைக்கும் பாதத்துக்கும் உறை. வெளியே வந்தால் வாசலில் மீட்டர் அக்கா. கையிலிருக்கும் கருவியை எங்கள் உள்ளங்கையிலிருந்து கால்வரை ஓட்டுவார். மருந்து ஒட்டியிருந்தால் அது படபடவென்று அடிக்கும்.

எனக்கு அது விளையாட்டு. அக்கா கூட்டாளியின் காலருகே குனியும்போதெல்லாம் பின்னால் நின்று நாக்கைத் தட்டி அதே சத்தம் போடுவேன். அவன் துள்ளுவான். "எரும, வாய மூடுடா" என்று அக்கா சிரிப்பார்.

அன்றும் சத்தம் கேட்டது. "போதும்டா உன் சேட்ட" என்றபடி, முள்ளைப் பார்க்காமலே மீட்டரை அணைத்தார் அக்கா. கூட்டாளி கிருமாம்பாக்கம் பஸ்ஸுக்கு ஓடினான். வீட்டில் மூன்று மாதக் குழந்தை. என் வாய் நிறைய பன். விழுங்கிய பிறகுதான் உறைத்தது: நான் சத்தமே போடவில்லை.

ஓடிப்போய் அவனைப் பஸ் படியிலிருந்து இழுத்தேன். "இன்னாடா, இன்னும் வெளாட்டா? வுடுடா, பாப்பா தேடும்." சத்தியம் செய்தும் நம்பவில்லை. பன் வந்த கவரைக் கையுறைபோல மாட்டி, அவன் காலிலிருந்து ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். திட்டிக்கொண்டே துரத்தி வந்தான்.

அக்கா செருப்பில் மீட்டரை வைத்தார். முள் கடைசிவரை போய் நின்றது. கழிவறைத் தரையில் உறை வழுக்குகிறதென்று, அதைக் கழற்றிவிட்டுச் சொந்தச் செருப்போடு கழுவியிருக்கிறான்.

"எத்தினி நாளா?"

"நேத்துலேர்ந்துக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நேத்து அடிச்சது நீயா, மீட்டரா?"

நேற்று நான் சத்தம் போட்டது உண்மை. அதற்கடியில் மீட்டரும் அடித்ததா? இன்றுவரை தெரியாது.

அப்போதே அவன் வீட்டுக்குப் போனோம். வாசற்படியில் மீட்டர் படபடத்தது. அக்கா தூளியருகே குனிந்தபோது நான் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். அந்த மருந்து போய்த் தங்கும் இடமென்று குழந்தையின் கழுத்தில் வெகுநேரம் வைத்திருந்தார். "ஒண்ணும் இல்லப்பா" என்று, முள்ளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மீட்டரை அணைத்தார்.

செருப்பைப் பையில் கட்டி, தேதி எழுதிப் பூட்டி வைத்தார்கள். அதில் ஒட்டிய மருந்தின் வேகம் அடங்கி எத்தனையோ காலமாகிறது. குழந்தை இப்போது ஓடித் திரிகிறாள். இதைக் கூட்டாளிக்குப் படித்துக் காட்டி, "இன்னும் அந்தச் செருப்பு நெனப்பாடா?" என்று சீண்டினேன்.

"செருப்ப அங்கியே வுட்டுட்டேன்டா, ஆனா பாப்பா ஓடியாந்தா இன்னமும் ஒரு எட்டு பின்னால போறேன்."