பெரட்டில் பதில் வராத பெயர்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவீர்கள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் கவுன்டரில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாகப் பெயர் கூப்பிடுகிறவள் நான். பேய் வந்திருந்தால் அதற்கும் ஒரு நம்பர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன்.

எனக்கு வாய்த்த அண்ணன் என்னைவிட மோசம். பெயர் ஸ்டீபன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஆவணப்படம் எடுக்கிறேன் என்று என் சனிக்கிழமைகளைத் தின்கிறார். எறும்பு ஏன் வரிசையில் போகிறது, மனிதன் ஏன் பொய் சொல்கிறான், பிரபஞ்சத்துக்கு ஓரம் உண்டா, நம் முடிவை நாம்தான் எடுக்கிறோமா, எல்லாவற்றுக்கும் ஒரு படம், எல்லாவற்றுக்கும் மைக் பிடிப்பது நான். இணையத்தில் போட்டால் பார்ப்பவர்களைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம், அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

போன வருடம் அவர் பிடித்துக்கொண்ட விஷயம், மனிதனுக்கு ஏன் பேய்க்குரல் கேட்கிறது என்பது. மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு குரலைத் தேடும், இவ்வளவுதான் படம். அதை நிரூபிக்க ஒரு வெறும் இரைச்சல் வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் லாரி போகும் இரைச்சல் போதாதாம், எங்கள் பழைய தோட்டத்தில் போய்த்தான் பிடிக்க வேண்டுமாம்.

லகாட் பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்தோம். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அப்பா அந்தோணிசாமி, சிலிம் ரிவர் பக்கம் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினார். திரும்பவே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. போலீசில் சொல்லி, தோட்டம் தோட்டமாகத் தேடி, ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அம்மா இன்றுவரை இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஒரு தட்டு வைக்கிறார். அவருக்காக ஒரு பூசை வைக்கலாம் என்றால், உயிரோடு இருக்கிறவருக்குச் செத்தவர் பூசையா என்று பாய்வார். வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, போன வருடம்தான், வருகிற கல்லறைத் திருநாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சம்மதிக்க வைத்திருந்தோம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அந்தத் தட்டுக்கு ஒரு முடிவு வர வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இவர் என்னை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சனிக்கிழமை மதியம் மூன்று மணி, உச்சி மண்டையைப் பிளக்கிற வெயில். இப்போது அங்கே ரப்பர் ஒன்றும் இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் ஒரு சிமென்டுப் படி மட்டும் மிச்சம் இருந்தது. பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், விடியற்காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார், கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும், பிந்தி வந்தவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் படிமேல் என்னை நிறுத்தி, ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டார். எங்கே படம் எடுத்தாலும் அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பிடித்துவைப்பது அவர் வழக்கம். கொசு என் காதிலேயே உட்கார்ந்து கடித்தது, அடிக்க முடியாமல் நின்றேன். ஆள் நடமாட்டம் இல்லை, ஒரு குரல் இல்லை, இதற்கு நான் சாட்சி. வீட்டில் போட்டுக் கேட்டபோதும் பனைமட்டை உரசுகிற சத்தம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

மறுவாரம் ஆறு பேரைத் தனித்தனியாக அழைத்து, காதில் ஹெட்போனை மாட்டி அந்தப் பதிவைப் போட்டு, என்ன கேட்கிறதோ எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தார். ஒருவர் பாட்டு என்பார், ஒருவர் அழுகை என்பார், ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள், மூளையின் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று அண்ணனுக்கு ஒரே குஷி. நம்பினால் நம்புங்கள், ஆறு தாளிலும் ஒரே விஷயம். மாணிக்கம், குப்பாயி, சவரிமுத்து, அந்தோணிசாமி, மறுபடியும் அந்தோணிசாமி, பார்வதி. அந்தோணிசாமியைத் தவிர ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'இருக்கேன்'.

அண்ணன் என்மேல் பாய்ந்தார், நான்தான் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து விளையாடுகிறேனாம். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். அந்த ஆறில் ஐந்து பேர் எங்கள் கோயில் பாடல் குழு, அவர்களுக்கு அப்பா பெயராவது தெரிந்திருக்கலாம், ஆனால் ஆறாவது ஆள் பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் பெயர்களைக் கேட்டபடி கிறுக்கி, நடுவில் நான்கு முறை 'இருக்கேன்' என்றும் எழுதிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடமே கேட்டார். அண்ணன் பதிவை மறுபடி போட்டார். இந்த முறை எங்களுக்கும் கேட்டது.

நாங்கள் சண்டை போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறவே இல்லை.

"இது எங்க வரிச பெரட்டு. குப்பாயி அக்கா கடைசி காலத்துல இப்படித்தான் பல்லு இல்லாம இழுத்து இழுத்துப் பேசும். பார்வதி பாவம், பிரசவத்துல போன புள்ள, கொரலு அப்படியே இருக்கு," என்றார். நாலு பேர் சாவுக்கும் போய் வந்தவர் அம்மா.

பிறகு என்னைப் பார்த்து, "செத்தவங்க எல்லாம் இருக்கேன்னு சொல்லிட்டாங்க பாத்தியா. ரெண்டு தடவ கூப்பிட்டும் ஒங்கப்பா சொல்லல. அப்ப அவரு இன்னும் எங்கயோ இருக்காரு லா," என்றார்.

பூசையை நிறுத்தச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனின் மைக்கை உடைத்திருப்பேன். பேய் இல்லை என்று படம் எடுக்கப் போனவர், கிழவிக்குப் புதிதாக ஒரு நம்பிக்கையை வாங்கிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். அன்றிரவு அம்மா அந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வைத்தார். கருவாடு பொரித்தால் முதல் துண்டு அதற்குப் போனது. கல்லறைத் திருநாள் வந்தது, போனது.

இந்த வருடம் தைப்பூச விடுமுறை முடிந்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கிளினிக்குக்கே போன் செய்தார். படத்தை ஒருவழியாக முடிக்கலாம் என்று அந்த ஒலியைத் திறந்தாராம். உடனே வா என்றார், காரணம் சொல்லவில்லை. திட்டிக்கொண்டேதான் போனேன்.

அதே பதிவு, அதே ஒரு நிமிடம், கோப்பில் இருந்த தேதியும் மாறவில்லை. மாணிக்கம், குப்பாயி, சவரிமுத்து. 'அந்தோணிசாமி' என்று கிராணி கூப்பிட்டார், பதில் இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்க, ஓர் ஆண் குரல் 'இருக்கேன்' என்றது.

அண்ணன் அதற்குள் லிம் ஆன்ட்டியை மறுபடி கூப்பிட்டுக் கேட்க வைத்திருந்தார். புதுத் தாளை என்னிடம் நீட்டினார். ஐந்து 'இருக்கேன்'. மூளை அது இது என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்லாத," என்றார். படம் இன்னும் முடியவில்லை. அவரும் முடிக்கப்போவதில்லை.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இன்னும் தட்டு வைக்கிறார், இப்போதெல்லாம் நானே அதில் சோறு போடுகிறேன். போடும்போது கரண்டி தட்டில் இடிப்பது பயத்தினால் என்று நினைக்காதீர்கள், பாதிக்கு மேல் கோபம்தான். அந்தக் குரலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது ஒரு கிழவரின் குரல், எண்பது வயதாவது இருக்கும். பஸ் ஏறிய அன்று அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது.