முருகனைத் திட்டிய ராப்

அம்மா இறந்த பிறகு நான் முருகனோடு பேச்சை விட்டுவிட்டேன். கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம். பெங்காலிகள் ஊரில், லேக் கார்டன்ஸ் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் பூஜை அலமாரிப் பக்கம்கூடத் திரும்பமாட்டேன். அப்பா தினமும் விளக்கேற்றுவார், ஆனால் அம்மாவைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அவர் திறந்தால்தானே நான் திறக்க? பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது. பேச்சுதான் வரவில்லை.

கல்லூரித் தோழி ஒருத்தி, பெங்காலிப் பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு கும்பல் வட்டமாக நின்று ராப் பாடிக்கொண்டிருந்தது. ஒருவன் வாயாலேயே டிரம் வாசிக்க, மற்றவர்கள் முறை போட்டுக்கொண்டு மனசில் இருப்பதைக் கொட்டினார்கள். பரீட்சையில் தோற்றது, காதலி விட்டுப்போனது, சாமி இருக்கா இல்லையா, எல்லாம். என்ன கர்மம்டா இது என்றுதான் முதலில் நினைத்தேன். என் முறை வந்ததும் வாயில் தமிழ் வந்தது. அதுவும் திட்டாக வந்தது.

"மயிலேறி ஊரைச் சுத்துறவனே, எங்கம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் வழி தெரியலியோ? சஷ்டி சஷ்டியா பட்டினி கெடந்தவளைப் பாதியில விட்டியே, உனக்கு ரெண்டு பொண்டாட்டி ஒரு கேடா?"

ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. "தாருண் தீதி, தாருண்!", பிரமாதம் அக்கா பிரமாதம், என்று பெங்காலியில் குதித்தார்கள். சின்ன வயசுப் பாட்டு வகுப்புப் பழக்கத்தில், நான் தொடையில் தட்டி, சுண்டுவிரலிலிருந்து எண்ணி, ஆதிதாளம் வேறு போட்டிருக்கிறேன். அதை ஏதோ மதராஸ் ராப்பர்களின் ஸ்டைல் என்று நினைத்து, அடுத்த வாரம் மொத்தக் கும்பலும் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறது! ஐயோ, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மூச்சு முட்டவில்லை. இப்போது வேலை ஊரின் மறுகோடியில், நியூ டவுனில். கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து அந்த ஞாயிறுகளுக்காக ஏங்குகிறேன்.

அந்த வருஷக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் பஜனை. ஆளுக்கொரு பாட்டு என்று முறை சுற்றி வரும், யாரும் தப்ப முடியாது. அம்மா இல்லாத முதல் பஜனை அது.

என் முறை வந்தபோது, "அவளை விட்டுடுங்க," என்றார் அப்பா.

"இல்லப்பா, சொல்றேன்."

பாட்டு எதுவும் வரவில்லை. அந்தத் திட்டையே முருகன் படத்தைப் பார்த்து ஆரம்பித்தேன். ஏரிக்கரையில் யாருக்கும் புரியாதது, இங்கே எல்லாருக்கும் புரிந்தது. மிருதங்கக்காரர் கை நின்றுவிட்டது. "அபசாரம், அபசாரம்," என்று ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போச்சு, அப்பா எழுந்து போய்விடுவார், இனிமேல் இந்த வீட்டில் அம்மா பேச்சே இருக்காது என்று பயந்தேன்.

அப்பா எழுந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கம்மா இதைவிட நல்லாத் திட்டுவா," என்றார். "அடுப்படியில நின்னுக்கிட்டு, 'டேய் முருகா'ன்னு. ஆனா திட்டி முடிச்சதும், 'சரி, சாப்பிட்டியாடா'ன்னு கேப்பா. நீ அதைக் கேக்கலியேம்மா."

கேட்டேன். கேட்டுவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.