மூன்று துப்பாக்கிகளும் அப்பாவின் குத்தூசியும்

எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருள் வருவதாக இருந்தாலும் அது முதலில் அப்பாவிடம் பரீட்சை எழுதித் தேற வேண்டும். விதைநெல் வாங்கப் போனால் மூட்டையின் வாயைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு வருகிறவர் அல்ல அவர். மூட்டையைக் குத்தி உள்ளிருக்கும் நெல்லை எடுக்கிற குத்தூசியைக் கையோடு கொண்டுபோவார். மூட்டையின் மேலே ஒரு குத்து, இடுப்பில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்று இடத்து நெல்லையும் தனித்தனியாக உள்ளங்கையில் கொட்டி, ஊதி, கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். இந்தப் பழக்கம் நெல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடை வாங்கப் போன கடையில் ஒரு வாளி தண்ணீர் கேட்ட மனிதர். அம்மா அவரைப் புடவைக் கடைப் பக்கமே அழைத்துப் போகமாட்டாள்.

அப்படிப்பட்டவர் எனக்குத் துப்பாக்கி வாங்கக் கிளம்பினார்.

பயப்பட வேண்டாம், காற்றழுத்தத்தில் சுடுகிற கைத்துப்பாக்கிதான். மன்னார்குடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஒருவர் பழைய நெல் கிடங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, துப்பாக்கி சுடும் வகுப்பு ஆரம்பித்திருந்தார். ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே துப்பாக்கி. அட்டையில் கறுப்பு வட்டம், அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இன்னொரு வட்டம். அந்தப் பொத்தானுக்குப் பத்து மார்க். கறுப்பில் விழுந்தால் நல்லது, வெளியே வெள்ளையில் விழுந்தால் மோசம். பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பொத்தானில் விழுந்துகொண்டிருந்தது.

மாநில அளவிலான தேர்வுக்குப் போகிறவர்களுக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். மலிவானது சுடும்போது கையில் குதிக்கும், வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சாமான் ரொம்ப விலை. நடுவிலையில் நல்லதாக ஒன்று பாருங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவரிடம் அப்போது தாளடிப் போகத்து நெல் விற்ற பணம் இருந்தது. அது போர்செட் மோட்டாருக்கென்று எடுத்துவைத்தது. பழைய மோட்டாருக்கு எரிந்துபோன செப்புக்கம்பிக் காயிலை மூன்று தடவை மாற்றிக் கட்டியாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வரும்வரை குறுவை நாற்றங்காலுக்கு அதை விட்டால் கதியில்லை. நடுவிலைத் துப்பாக்கி என்றால் மோட்டாரும் வரும், அதற்கு மேலே போனால் மோட்டார் வராது என்று அம்மா கிளம்பும்போது வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

திருச்சியில் மலைக்கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது கடை. பின்கட்டில் சுட்டுப் பார்க்க நீளமான இடம். கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார். மணல் பை மேல் ஒவ்வொன்றாகச் சாய்த்துவைத்து அவரே ஐந்தைந்து குண்டு சுட்டு, ஓட்டைகள் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிக் காட்டினார். மலிவானதின் ஓட்டைகள் காசுக்குள் அடங்கவில்லை. மற்ற இரண்டும் அடங்கின.

"மணல் பைக்கு எப்படின்னு பாத்தாச்சு தம்பி. எம் பொண்ணு கைக்கு எப்படின்னு பாக்கணும்ல," என்றார் அப்பா.

நான் சுட்டேன். மலிவானது டீச்சர் சொன்னபடியே குதித்தது. நடுவிலையானது பரவாயில்லை, ஐந்தில் மூன்று பொத்தானில் விழுந்தது. வெளிநாட்டுத் துப்பாக்கியை எடுத்ததும் கை அதற்கே செய்து வைத்தது போல உட்கார்ந்தது. விசையில் விரல் பட்டது தெரியவில்லை, குண்டு போய்விட்டது. ஐந்தும் பொத்தான். கடைக்காரர் பில் புத்தகத்தைத் தேடினார்.

அப்பா விடுவாரா? இது மேல் குத்துதான். இடுப்பும் அடியும் பாக்கி. மத்தியானம் வருகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி என்னை ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். சாப்பாட்டு மயக்கம் கண்ணைக் கட்டும்போது கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு வேண்டாம் என்ற பிறகும் இரண்டு முறை சோறு போடச் சொன்னார். திரும்பிப் போய்ச் சுட்டதில் மலிவானதை ஒதுக்கியாயிற்று. நடுவிலையானது கொஞ்சம் அலைந்தது. வெளிநாட்டுக்காரன் மட்டும் அசையவில்லை. கடைக்காரர் மறுபடி பில் புத்தகத்தை எடுத்தார்.

அடிக் குத்துக்கு அப்பா கண்டுபிடித்த வழி மலைக்கோட்டை. கால் ஓய்ந்து மூச்சு வாங்கும்போது கை எப்படி என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்த வெயிலில் அத்தனை படியும் ஏறினோம். துப்பாக்கி வாங்குவதற்காக உச்சிப்பிள்ளையாரைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காவிரியைப் பார்த்தார். பாதிக்கு மேல் மணல்தான் தெரிந்தது.

"மூணாவதுதான் ஒனக்குன்னு இருக்கு ஆயி," என்றார். செல்லம் வந்தால் என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார். "மோட்டார அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. அந்தத் துப்பாக்கி மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. அது வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஆசை. வரப்பில் குனிந்து அந்தக் கிழட்டு மோட்டாரோடு அவர் மல்லுக்கட்டுவதும் கண்ணில் நின்றது. இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். அப்போது என்னைவிடக் கெட்டிக்காரி தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்கு நினைப்பு.

கடைக்குத் திரும்பியதும் நடுவிலைத் துப்பாக்கியை உயிரைக் கொடுத்துப் பிடித்துச் சுட்டேன். நான்கு பொத்தானில் விழுந்தது. பிறகு வெளிநாட்டுத் துப்பாக்கியை எடுத்து, கறுப்பை விட்டுவிட்டு, அட்டையின் இடது கீழ் மூலையில் வெள்ளையாக ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாக ஐந்து குண்டையும் அங்கேயே சுட்டேன். ஒன்றுகூடக் கறுப்பைத் தொடவில்லை. கை நடுங்குவது போல் கொஞ்சம் நடித்ததும் உண்டு.

கடைக்காரர் அட்டையைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அப்பா அவரைப் பார்த்தார். அவர் மூடிக்கொண்டார். பெரிய வியாபாரம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அட்டையை வாங்கி ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மார்க்கைக் கூட்டுகிறாராக்கும், கூட்டட்டும், சைபர்தானே வரும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு தடவ சுடுறியா ஆயி?"

"வேணாம்ப்பா. கை வலிக்குது. இது எனக்குச் சரிப்படல."

"சரிப்படலயா?"

"படலப்பா."

அவர் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நடுவிலைத் துப்பாக்கியைப் பொட்டலம் கட்டச் சொன்னார். விலையில் பத்து ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அப்படி ஒரு நாளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ரயிலில் பூதலூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வலிக்கிறது என்று சொன்னேன் அல்லவா, மணிக்கட்டிலிருந்து விரல்வரை நீவிக்கொண்டே வந்தார். வலிக்காத கையை அவர் நீவிவிடுவது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்பாவையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அப்படியே தூங்கிப்போனேன். மறு வாரம் மோட்டார் வந்தது.

அந்த நடுவிலைத் துப்பாக்கி ஒன்றும் சோடை போகவில்லை. அதை வைத்துத்தான் தேர்வில் ஜெயித்தேன், ஆறு வருடம் சுட்டேன். இப்போது நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, ஐந்தும் வெள்ளையில் விழுந்துவிட்டது என்று அட்டையை நீட்டி அழுதாள். ஓட்டைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. அட அசடே, கை நடுங்கினால் நாலா பக்கமும் சிதறியிருக்கும், ஐந்தையும் ஒரே இடத்தில் போடுகிறவளுக்கு எங்கே வேண்டுமானாலும் போட வரும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

திருச்சிக் கடையில் அந்த அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்த மனிதருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இன்னொரு தடவை சுடுகிறாயா என்று கேட்டபோது என் வாயிலிருந்து உண்மை வரட்டும் என்று அவர் காத்திருந்திருக்கிறார். நான் பொய்யிலேயே நின்றேன். பன்னிரண்டு வயதுப் பெண் கொடுத்ததை, அவள் கொடுக்கிறாள் என்று தெரிந்தே, வேறு வழியில்லாமல் அவர் வாங்கிக்கொண்டார். பூதலூர்வரை அவரால் பேச முடியாமல் போனது அதனால்தான். நான் அது மலை ஏறி இறங்கிய களைப்பு என்று நினைத்திருந்தேன்.